ஆர்ஜென்டைன் சென்ட்ரல் பழைய ரயில் பாதையில மவுண்டன் பைக்: சில்வர் ப்ளூம்ல இருந்து மெக்லெல்லன் வரைக்கும் முழு வழிகாட்டி

கொலராடோவுல டென்வர்ல இருந்து ஐ-70 பிடிச்சு மேற்கே ஒரு மணி நேரம் போனா சில்வர் ப்ளூம்னு ஒரு குட்டி ஊர் வரும். அங்க ஆரம்பிச்சு வால்டார்ஃப்ங்கிற ஆளில்லாத மைனிங் ஊர் வழியா மவுண்ட் மெக்லெல்லன் மேல ஏறக்குறைய 13,000 அடி வரைக்கும் போற பழைய ரயில் பாதைதான் இந்த டிரெயில். தண்டவாளத்தை கழட்டி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அது கிடந்த கல்பாதை மட்டும் மலையைச் சுத்திக்கிட்டு கிடக்கு, பைக்கர்ஸ் எல்லாம் அதை சும்மா கிரேடுன்னு சொல்லுவாங்க.

புதுசா வர்றவங்க இங்க சறுக்குறது ஏத்தம் கஷ்டமா இருக்குறதால இல்ல. ஏத்தம் மிதமா இருக்குறதாலதான். எல்லாம் நல்லாத்தானே போகுதுன்னு மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க, அதுக்குள்ள மணி பதினொன்னு ஆகியிருக்கும், தலைக்கு மேல கருமேகம் வந்திருக்கும், தண்ணி பாதி காலி, மரம் ஒன்னுகூட இல்லாத வெட்டவெளியில நிப்பாங்க. அதனால கீழ சொல்றதை அதே வரிசையில பண்ணுங்க, இந்த ரூட்ல பைக் ஓட்டத் தெரியுறதை விட எதை எப்ப பண்றோம்ங்கிறதுதான் முக்கியம்.

1. ரூட்டை மூணு துண்டா பிரிச்சு மனசுல வைங்க

முதல் துண்டு, சில்வர் ப்ளூம்ல இருந்து பெவிலியன் பாயிண்ட். ஆரம்ப உயரமே ஏறக்குறைய 9,100 அடி, அதாவது 2,770 மீட்டர் சொச்சம். நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், காரை நிறுத்துற இடமே அதை விட உசரம்னா பாத்துக்கோங்க. ரெண்டாவது துண்டு, அங்க இருந்து லெவன்வொர்த் ஓடை பள்ளத்தாக்கு ஓரமா வால்டார்ஃப் வரைக்கும், அது சுமார் 11,600 அடி. மூணாவது, வால்டார்ஃப்ல இருந்து மெக்லெல்லன் மேல ரயில் நின்ன இடம், சுமார் 13,000 அடி.

மொத்த ரயில் பாதையும் ஒரு பக்கம் 16 மைல் கிட்ட வரும், 25 கிலோமீட்டருக்கு மேல. இதுல எட்டு ஒன்பது மைல் வால்டார்ஃப் வரைக்குமே போயிடும்.

ஏன் மூணா பிரிக்கணும்னா ஒவ்வொரு துண்டு முடியுற இடத்துலயும் திரும்பிப் போறது ஒரு முழு ரைடுதான். பெவிலியன் பாயிண்ட் போயிட்டு வந்தா காலைல ஒரு நல்ல சவாரி. வால்டார்ஃப் வரை போனா நிறைவான நாள். மூணாவது துண்டுக்கு மட்டும் வானிலையும் உடம்பும் ரெண்டும் ஓகே சொல்லணும். உச்சியை மட்டும் இலக்கா வச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு நடுவுல திரும்புறது தோல்வி மாதிரி இருக்கும், அதனாலதான் திரும்பவே மாட்டாங்க.

சரிவு அதிகபட்சம் 6 சதவீதம் வாக்குல. ரயிலுக்கு இது ரொம்பச் செங்குத்து. மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் 8 சதவீதத்துக்கு மேல ஏறுது, அதுக்கு நடுத் தண்டவாளத்துல பல் வச்சிருக்காங்க. இங்க இருந்தது சாதா தண்டவாளம்தான், ஷே இஞ்சின்னு ஒரு வகை, எல்லாச் சக்கரத்துக்கும் பக்கவாட்டு ஷாஃப்ட் வழியா கியர்ல ஓட்டம் போகும், மெதுவா ஊர்ந்து ஏறும். பைக்குக்கு இதோட அர்த்தம் என்னன்னா செங்குத்தா ஒரு இடமும் இருக்காது, ஆனா கால் ஓய்வெடுக்க சமதளமும் கிடைக்காது, மூணு மணி நேரம் ஒரே அழுத்தம். இதுக்குத் தயாராகாம வர்றவங்க ரெண்டாவது துண்டுலயே தொடை பிடிச்சு நிப்பாங்க.

2. எந்த மாசம், எத்தனை மணிக்கு

ஜூலை தொடக்கத்துல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் மேல் பகுதி நம்பி போகலாம். ஜூன்ல கீழ பச்சையா இருக்கும், மேல பாதையை மறிச்சு பனித்திட்டு சாய்வா கிடக்கும், பைக்கைத் தோள்ல தூக்கிக்கிட்டு அதைக் கடக்குறது வேணாம், வழுக்கினா பாதைக்கு வெளிய சரிவுதான்.

ஜூலை ஆகஸ்ட்ல இங்க மதியம் இடி மழை சர்வசாதாரணம். காலைல ஒரு மேகம்கூட இருக்காது, பதினோரு மணிக்கு பஞ்சு பஞ்சா எழும்பும், ஒரு மணிக்கு இடி. அதனால கணக்கை தலைகீழா போடுங்க: 12 மணிக்கு மரங்கள் இருக்குற உயரத்துக்கு இறங்கி வந்திருக்கணும், அப்படின்னா 11 மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும், 9 மணிக்கு வால்டார்ஃப்ல இருக்கணும், புதுசுன்னா அதுக்கு மூணு மணி நேரம் ஆகும், ஆக 6 மணிக்கு பெடல்ல கால் வச்சிருக்கணும். டென்வர்ல இருந்து வர்றவங்க நாலரைக்கு வீட்டை விட்டு கிளம்பணும். எட்டு மணிக்கு டிபன் சாப்பிட்டு வந்து சேர்றவங்களுக்கு முதல் துண்டு மட்டும்தான், அதுல பேரம் பேசாதீங்க.

செப்டம்பர்ல இடி குறையும், ஆஸ்பென் மரம் எல்லாம் மஞ்சளாகும், ஆனா காலைல மேல உறைபனி குளிர், பகலும் சின்னது. என்னைக் கேட்டா ரூட்டுக்கு அதுதான் நல்ல நேரம்.

3. உடம்பை உயரத்துக்குப் பழக்குறது

வால்டார்ஃப்ல காத்தோட அழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், மேல போனா 60 சதவீதம் பக்கம். ஒவ்வொரு மூச்சுலயும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையுது. டெக்சாஸ்ல இருந்தோ நியூ ஜெர்சில இருந்தோ வெள்ளிக்கிழமை ராத்திரி பிளைட் பிடிச்சு சனிக்கிழமை காலைல இங்க ஏறுறது சரியான திட்டமே இல்ல. கம்மியா ரெண்டு ராத்திரி டென்வர் உயரத்துல தூங்குங்க, முடிஞ்சா இன்னொரு ராத்திரி பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுன்ல, அது 8,500 அடி. முந்தின நாள் ராத்திரி பீர் வேணாம், தூக்கமும் கெடும், தண்ணியும் வத்தும்.

தலைவலி, குமட்டல், பசியே இல்லாம போறது, இதுல எது வந்தாலும் அதுக்கு மேல ஏறாதீங்க. மாத்திரை போட்டுக்கிட்டு ஏறலாமான்னு கேப்பாங்க, வலியை மறைச்சா எப்ப திரும்பணும்னு சொல்ற ஒரே அலாரத்தையும் அணைச்ச மாதிரி. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் வருது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா அது எமர்ஜென்சி, உடனே கீழ இறக்குங்க, ஆளைத் தனியா விடாதீங்க. இதய நோய், ஆஸ்துமா, பிபி இருக்குறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க.

4. பைக்கை ரெடி பண்றது

ஹார்ட்டெயில், அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற பைக், போதும். அந்த முன் சஸ்பென்ஷன் (ஃபோர்க்) 120 மில்லிமீட்டர் அமுங்குறதா இருந்தா வசதி. ஃபுல் சஸ்பென்ஷன் இருந்தா இறங்குறப்ப கை சொகுசா இருக்கும், ஏறுறப்ப அந்த எடையை நீங்கதான் தூக்கணும். கிராவல் பைக்ல வர்றவங்களும் உண்டு, வால்டார்ஃப் பக்கத்துல தலை அளவு உருண்டைக் கல்லு ஆரம்பிச்சதும் அவங்க தள்ளிக்கிட்டுத்தான் போவாங்க.

கியர்தான் முக்கியம். முன்னாடி 30 இல்லன்னா 32 பல், பின்னாடி பெரிய பல்சக்கரம் 50க்கு குறையாம. கடல்மட்டத்துல 6 சதவீதம் நடு கியர்ல ஏறிடலாம், இங்க அதே ஏத்தத்துக்கு கடைசி கியர் தேவைப்படும். கடைசி கியர் சரியா விழுதான்னு வீட்டுலயே செக் பண்ணுங்க, ஏன்னா ஊர்ல ஓட்டுறவங்க அந்த கியரை மாசக்கணக்கா தொட்டிருக்கவே மாட்டாங்க, இங்க வந்து போடும்போதுதான் செயின் ஸ்போக்குக்குள்ள இறங்கும்.

டயர் 2.3 இன்ச்சுக்கு மேல, ட்யூப்லெஸ், உள்ள ஊத்துற ஓட்டை அடைக்கிற திரவம் (சீலன்ட்) புதுசா. இந்தப் பாதையில கல்லோட சேர்ந்து பழைய துருப்பிடிச்ச ஆணி, கம்பித் துண்டு, தகரம் எல்லாம் கலந்து கிடக்கு. அதனால ஓட்டையில சொருகி அடைக்கிற ட்யூப்லெஸ் பிளக் ஒரு செட்டு, ஸ்பேர் ட்யூப் ஒன்னு, கைப்பம்ப் மூணும் வேணும். டயருக்குக் காத்து ஏத்துற குட்டி சிஓ2 சிலிண்டர் மட்டும் நம்பி வராதீங்க, ஒரு தடவை போட்டா தீர்ந்துடும்.

டயர் பிரஷரை பார்க்கிங்ல வந்து வைங்க. டென்வர்ல வச்சுட்டு வந்தா வெளிக்காத்து அழுத்தம் குறையுறதால இங்க ஒன்றரை பிஎஸ்ஐ கூட இருக்கும், மேல போனா இன்னொரு ஒன்றரை கூடும், காலைக் குளிர் அதுல கொஞ்சத்தைத் தின்னுடும்னு வைங்க. மொத்தத்துல கல்லு மேல டயர் துள்ள ஆரம்பிக்கும். 75 கிலோ ஆளுக்கு முன்னாடி 22, பின்னாடி 25 வாக்குல ஆரம்பிச்சுப் பாருங்க.

பிரேக் பேட் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா மாத்திட்டு வாங்க. எங்க திரும்புறீங்கங்கிறதைப் பொறுத்து மொத்த இறக்கம் 2,500ல இருந்து 4,000 அடி வரைக்கும் வரும், நடுவுல கை எடுக்க இடமே இல்லாத மாதிரி இருக்கும்.

ஈ-பைக் வச்சிருக்குறவங்களுக்கு: அமெரிக்க வனத்துறை ஈ-பைக்கை மோட்டார் வண்டி கணக்குலதான் சேர்க்குது. ஜீப் போற ரோட்டுல ஓட்டலாம், மோட்டார் கூடாதுன்னு போர்டு இருக்குற டிரெயில்ல கூடாது. ஆக உங்களுக்கு ஜார்ஜ்டவுன்ல இருந்து குவானெல்லா பாஸ் ரோடு ஏறி வால்டார்ஃப் ரோட்டுல திரும்புற வழிதான் சரிப்படும்.

5. பையில என்ன

தண்ணி மூணு லிட்டர். இதுக்கு ஒரு காரணம் இருக்கு. வழியில ஓடை இருக்கே, ஃபில்டர் வச்சிருக்கேனேன்னு ஒரு லிட்டரோட வர்றவங்க நிறைய. ஃபில்டர் கிருமியைத்தான் பிடிக்கும், கரைஞ்ச ஈயம், காட்மியம், ஜிங்க் எல்லாம் அது வழியா அப்படியே வந்துடும், கொதிக்க வச்சாலும் போகாது. மேல முழுக்க பழைய சுரங்கக் கழிவு குவிஞ்சு கிடக்கு, தண்ணி அது வழியாத்தான் கசிஞ்சு வருது. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும் நம்பாதீங்க. ஓடைக் கல்லு மேல ஆரஞ்சு நிறத்துல சேறு படிஞ்சிருந்தா அதுல கைகூட நனைக்க வேணாம்.

காத்து புகாத ஜாக்கெட், முழு விரல் கையுறை, காதை மூடுற தொப்பி. கீழ டி-ஷர்ட்ல வேர்த்துக்கிட்டு நிக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு கார்லயே விட்டுட்டு வருவாங்க. மேல காத்து அடிக்கிறப்ப அதே வேர்வை டி-ஷர்ட்தான் குளிர் எடுக்க வைக்கும். உள்ளுக்கு மாத்திக்க காஞ்ச சட்டை ஒன்னு இருந்தா இன்னும் நல்லது.

சாப்பாடு மணிக்கு ஒரு தடவை வாய்க்குள்ள போடுற மாதிரி சின்னச் சின்னதா. உயரத்துல பசி தெரியாது, பசிக்கிறப்ப சாப்பிடலாம்னு இருந்தா சாப்பிடவே மாட்டீங்க. கடலைமிட்டாய் நல்லா வேலை செய்யுது, குளிர்ல கல்லாகாது, ஜெல் மாதிரி திகட்டாது. உப்புக்கு ஏதாவது கொஞ்சம்.

மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வைங்க, பள்ளத்தாக்குக்குள்ள போனா சிக்னல் போயிடும். சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற போனோ கருவியோ குழுவுல ஒருத்தர்கிட்டயாவது இருக்கட்டும். சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் கட்டாயம்.

6. பார்க்கிங்கும் முதல் அரை மணி நேரமும்

ஐ-70ல எக்சிட் 226. ஊர் வடக்குப் பக்கம், ஜார்ஜ்டவுன் லூப் சுற்றுலா ரயிலோட ஸ்டேஷன் தெற்குப் பக்கம். நம்ம பாதையும் தெற்குப் பக்க மலையிலதான் ஏறுது. ரயில் பயணிகளுக்குன்னு போர்டு இருக்குற இடத்துலயும், ஊருக்குள்ள வீட்டு வாசல்லயும் காரைப் போடாதீங்க, இது நூத்துச் சொச்சம் பேர் இருக்குற ஊர், எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க.

டாய்லெட் வேலையை வழியில ஜார்ஜ்டவுன்லயே முடிச்சுட்டு வாங்க, அந்த நேரத்துக்கு இங்க எதுவும் திறந்திருக்காது.

கிளம்பினதும் முதல் அரை மணி நேரம் வேணும்னே மெதுவா போங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், அதுதான் அளவு. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா ஒரு கியர் குறைங்க. இந்த உயரத்துல ஒரு தடவை மூச்சு இரைச்சு போச்சுன்னா நின்னு ஆத்திக்கிட்டாலும் முன்ன மாதிரி வராது, அன்னிக்கு முழுக்க அந்தக் கடனைக் கட்டிக்கிட்டே இருக்கணும்.

7. முதல் துண்டு: பெவிலியன் பாயிண்ட் வரைக்கும்

மரங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஏறும். கீழ ஹைவே லாரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு வளைவுலயும் அது கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். பாதை ஒரு ஆளுக்குத் தாராளமா இருக்கும், மலைப்பக்கம் பழைய கல்லடுக்குச் சுவர் அங்கங்க தெரியும்.

ரயில் வளைவும் பைக் டிரெயில் வளைவும் ஒன்னு இல்ல. ரயில் டக்குனு திரும்ப முடியாது, அதனால வளைவெல்லாம் அகலம். குறுக்கால மேல் பாதைக்கு ஏறுற ஒத்தையடித் தடம் கண்ணுக்குப் படும், மேப்லயும் கிட்டத்தட்ட ஒட்டின மாதிரி தெரியும், அதுல ஏறாதீங்க. செங்குத்து, மண்ணு சரியும், ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போயி நாடித்துடிப்பு எகிறிடும், அது போக மழைத்தண்ணி அந்தத் தடத்துலயே இறங்கி கீழ் பாதையை அரிச்சுடும்.

நடந்து வர்றவங்க, குதிரைல வர்றவங்க எல்லாருக்கும் பைக்தான் ஒதுங்கணும். குதிரைன்னா பள்ளப் பக்கமா இறங்கி நின்னு வாயால பேச்சு கொடுங்க, சத்தமில்லாம நின்னா குதிரை மிரளும்.

பெவிலியன் பாயிண்ட்ல அந்தக் காலத்துல ரயில்ல வர்றவங்க இறங்கி டான்ஸ் ஆட ஒரு மண்டபம் இருந்துச்சு. இப்ப கல்லுல கட்டின கணப்பும் புகைபோக்கியும் மட்டும் தனியா நிக்கும், சுவரும் இல்ல கூரையும் இல்ல. ஜார்ஜ்டவுன் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். இங்க பத்து நிமிஷம் உக்காந்து சாப்பிடுங்க, கூட வந்த எல்லாரையும் மூஞ்சியைப் பாத்து விசாரிங்க. கணப்பு மேல ஏறாதீங்க, உள்ள நெருப்பும் போடாதீங்க.

8. ரெண்டாவது துண்டு: வால்டார்ஃப் வரைக்கும்

மலை மூக்கைச் சுத்தி லெவன்வொர்த் பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சதும் ஹைவே சத்தம் சட்டுனு நின்னுடும். இங்க இருந்து ஒரே பக்கமா, நீளமா, சலிப்பு தட்டுற அளவுக்கு ஒரே சரிவு. சலிப்புன்னுதான் சொல்லுவேன், எங்க முடியும்னு தெரியாம மிதிச்சுக்கிட்டே இருக்குற பகுதி இது.

ஜார்ஜ்டவுன் பக்கத்துல இருந்து வர்ற வால்டார்ஃப் ரோடு வந்து சேர்ந்ததும் ஜீப், ஏடிவி, டர்ட் பைக் வரும். காதுல ஹெட்போன் மாட்டாதீங்க. ஜீப் வந்தா அகலமான இடம் பாத்து நின்னு விடுங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கல்லுல தடுமாறுறது நல்லதில்ல.

உருண்டைக் கல்லு இந்தப் பகுதிலதான் ஜாஸ்தி. புதுசா வர்றவங்க முன் டயரையே பாத்துக்கிட்டு ஓட்டுவாங்க, ஒவ்வொரு கல்லுக்கும் ஹேண்டில்பாரைத் திருப்புவாங்க, வேகம் செத்துடும், காலை ஊணுவாங்க. நாலஞ்சு மீட்டர் தள்ளிப் பாருங்க. சீட்டோட முன் நுனிக்கு நகர்ந்து உக்காருங்க, முழங்கையை மடக்கி நெஞ்சைக் கொஞ்சம் கீழ கொண்டு வாங்க, பெடலை ஒரே சீரா சுத்துங்க, சின்னக் கல்லு மேல டயர் தானா ஏறி இறங்கும். பின்சக்கரம் சுழண்டுச்சுன்னா எழுந்து நிக்காதீங்க, நின்னா பின்னாடி எடை போயிடும், இன்னும் சுழலும்.

காலை ஊணிட்டா வெக்கப்பட வேணாம், நல்ல இடம் வர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க. இந்த உயரத்துல கல்லுக்கு நடுவுல மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்றதுதான் மூச்சை அதிகமா உறிஞ்சும்.

9. வால்டார்ஃப்: முடிவு எடுக்குற இடம்

மரம் எல்லாம் குட்டையாகி, அப்புறம் இல்லாமலே போயி, பெரிய கிண்ணம் மாதிரி வெளி திறக்கும். அதான் வால்டார்ஃப். வெள்ளிச் சுரங்கத்துக்காக இருந்த ஊர், இப்ப அஸ்திவாரமும், கழிவுக்கல் மேடும், பழைய இரும்பும் மிச்சம். ரயிலைப் போட்ட எட்வர்ட் வில்காக்ஸ் முன்னாடி மெதடிஸ்ட் போதகரா இருந்தவர், ஞாயித்துக்கிழமை ரயில் ஓட்ட மாட்டேன்னு நின்னவர், டூரிஸ்ட் வர்ற நாளே ஞாயிறுதான். எதிர்ப்பக்க மலைக்கு அவர் பேருதான்.

இங்க நின்னு மூணு கேள்வி கேளுங்க, சத்தமா, குழுவுல எல்லாரும் பதில் சொல்ற மாதிரி. மணி ஒன்பதரை தாண்டிடுச்சா? தண்ணி ஒன்றரை லிட்டருக்குக் கீழ போயிடுச்சா? யாருக்காவது தலைவலி இருக்கா? ஒன்னுக்கு ஆமான்னு வந்தாலும் இங்கயே அரை மணி நேரம் சுத்திப் பாத்துட்டு இறங்குங்க. ஒருத்தரை மட்டும் இங்க உக்கார வச்சுட்டு மத்தவங்க மேல போறது கூடாது, உடம்பு சரியில்லாதவங்களைத்தான் தனியா விடக்கூடாது.

வானத்தைப் பாக்குறப்ப தலைக்கு மேல மட்டும் பாக்காதீங்க. மழை பெரும்பாலும் மேற்கே இருந்து, நீங்க பாக்க முடியாத முகட்டுக்கு அந்தப்பக்கம் இருந்துதான் வரும். முகட்டு மேல மேகம் அகலமா இல்லாம உயரமா வளர ஆரம்பிச்சுருந்தா அதுவே பதில்.

சுரங்க மிச்சங்களைப் பத்தி. விட்லர் டனல் இங்கதான் இருக்கு, மலைக்கு அந்தப்பக்கத்துத் தண்ணியை இந்தப்பக்கம் கொண்டு வர்ற குகைப்பாதை, இன்னும் உபயோகத்துல இருக்கு, கிட்டப் போய் நோண்ட வேணாம். மேல சரிவுல சான்டியாகோ மைன்ல தகரம் போட்ட மில் கட்டடம், அதை வெளிய நின்னு பாருங்க. உள்ள பலகைத் தரை, பாத்தா உறுதியாத்தான் இருக்கும், கீழ என்ன இருக்குன்னு தெரியாது. திறந்து கிடக்குற சுரங்க வாய்க்குள்ள ஒரு அடிகூட வைக்காதீங்க: கூரை விழுறது ஒரு ஆபத்து, அதைவிட மோசம் ஆக்சிஜன் இல்லாத காத்து, அதுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வர்றதுக்கு முன்னாடி எச்சரிக்கையும் கிடையாது. கழிவு மேட்டு மேல பைக் ஓட்டி விளையாடுறதும் வேணாம், அந்தத் தூள்ல ஈயம் இருக்கும்.

துருப்பிடிச்ச ஆணி, பாட்டில் அடி, ரயில் ஸ்பைக் எதையும் பையில போடாதீங்க. அரசாங்க நிலத்துல கிடக்குற பழம்பொருளை எடுக்குறது சட்டப்படி குத்தம், இன்னொன்னு இங்க நிறைய இடம் தனியார் சுரங்கப் பட்டா, வனத்துறை நிலத்துக்கு நடுவுல துண்டு துண்டா. கேட்டு பூட்டியிருந்தா, உள்ளே வராதேன்னு போர்டு இருந்தா, அங்கயே திரும்புங்க, மேப்ல கோடு இருக்குன்னு வாதாடுறதுல பிரயோஜனம் இல்ல. அப்படித் திரும்புறதும் திட்டத்துல ஒரு வாய்ப்புதான்னு முன்னாடியே நினைச்சு வச்சுக்கோங்க.

10. மூணாவது துண்டு: வழி மாறாம மேல போறது

வால்டார்ஃப்ல வழி பிரியுது, இங்கதான் நிறையப் பேர் தப்பான பாதைல போவாங்க. பள்ளத்தாக்கு முடிவுல நேரா தெரியுற முகட்டுக்கு ஏறுற தடம் ஆர்ஜென்டைன் பாஸ், 13,207 அடி, அது பழைய வண்டிப்பாதை, கல்லு கொட்டிக் கிடக்கும், பாதி தூரம் பைக்கைத் தள்ளணும். ரயில் பாதை வலதுகைப் பக்கச் சரிவுல வளைஞ்சு வளைஞ்சு மெக்லெல்லன் மேல ஏறுது. பேரு ரெண்டுலயும் ஆர்ஜென்டைன் இருக்குறதால குழப்பம். சரிவு திடீர்னு 6 சதவீதத்தைத் தாண்டி செங்குத்தாச்சுன்னா நீங்க ரயில் பாதைல இல்ல, நின்னு மேப்பைப் பாருங்க.

இங்க இருந்து மெதுவா, பத்து நிமிஷம் மிதிச்சு ஒரு நிமிஷம் நின்னு. பாதைக்கு வெளிய டயரை இறக்காதீங்க, அந்த உயரத்துல முளைக்கிற குட்டிச் செடி ஒரு டயர் தடத்துல செத்தா திரும்ப வர பல வருஷம் ஆகும்.

மேல் முகட்டுல எதிர்ல கிரேஸ், டோரிஸ் ரெண்டு சிகரமும் நிக்கும், ரெண்டும் 14,000 அடிக்கு மேல. ரயில் அந்தக் காலத்துல ஏன் இவ்வளவு தூரம் வந்துச்சுன்னு அங்க நின்னாப் புரியும். போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைப் போடுங்க. குளிர் ஏறினப்புறம் போட்டா உடம்பு சூடாக நேரமாகும், விரல் மரத்துப் போனா பிரேக் பிடிக்க முடியாது.

இடி கேட்டா உடனே இறங்குங்க, எவ்வளவு தூரத்துல கேட்டாலும். முகட்டை விட்டு விலகுங்க, ஒருத்தருக்கொருத்தர் இடைவெளி விட்டுப் போங்க, அப்பத்தான் ஒருத்தருக்கு அடிபட்டாலும் மத்தவங்க உதவிக்கு இருப்பாங்க. சுரங்க வாய்ல, தகரக் கொட்டகைல ஒதுங்குறது பாதுகாப்பு இல்ல, மின்னல் தரை வழியாவும் உலோகம் வழியாவும் உள்ள வரும். பைக் இரும்பாச்சே, போட்டுட்டு ஓடலாமான்னு கேப்பாங்க. ஓட்ட முடியுற பாதைன்னா ஓட்டிக்கிட்டே இறங்குறதுதான் வேகம், உயரம் குறையுறதுதான் பாதுகாப்பு. தலைமுடி சிலிர்த்தா, பைக் கிர்ருன்னு சத்தம் போட்டா மட்டும் அதை விட்டுட்டு விலகி, பாதம் ரெண்டையும் சேர்த்து குத்தவச்சு உக்காருங்க.

11. இறங்குறது

வந்த வழியே இறங்குங்க. வால்டார்ஃப் ரோடு வழியா குவானெல்லா ரோட்டுக்கு இறங்கினா சீக்கிரம் போகலாம்னு தோணும், அந்த வழி உங்களை ஜார்ஜ்டவுன்ல கொண்டு போய் விடும். கார் சில்வர் ப்ளூம்ல, ரெண்டு ஊருக்கும் நடுவுல ரெண்டு மைல்தான், ஆனா 600 அடிக்கு மேல உயர வித்தியாசம், அதை ஏற முடியாமத்தான் 1884ல ரயிலையே சுருட்டி லூப் போட்டாங்க. சைக்கிள் பாதை இருக்கு, இறங்கி முடிஞ்சு போச்சுன்னு நினைச்ச காலுக்கு அந்த ஏத்தம் ரொம்பக் கொடுமை. அந்த வழிதான் வேணும்னா காலைலயே இன்னொரு காரை ஜார்ஜ்டவுன்ல போட்டு வைங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி சீட்டை இறக்குங்க, ஃபோர்க் லாக் போட்டிருந்தா எடுத்துவிடுங்க. இது ரெண்டையும் மறந்துட்டு இறங்குறவங்களை வளைவுக்கு வளைவு பாக்கலாம்.

பிரேக்கை விடாம உரசிக்கிட்டே இறங்காதீங்க. பிரேக் டிஸ்க் சூடாகி பிடி குறையும், விரலும் வலிக்கும். நேரான இடத்துல விடுங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியா பிடிச்சு வேகத்தைக் குறைங்க, மறுபடி விடுங்க. ஒரு விரல் பிரேக்ல, மூணு விரல் ஹேண்டில்பார்ல. எழுந்து பெடல் மேல நில்லுங்க, ரெண்டு பெடலும் சம உயரத்துல, முழங்கால் தளர்வா.

கிரேடு மிதமா இருக்குறதால வேகம் ஏறுறதே தெரியாது. வளைவுக்கு அந்தப்பக்கம் ஜீப்போ குழந்தையோட நடந்து வர்ற குடும்பமோ இருக்கலாம். பெவிலியன் பாயிண்டுக்குக் கீழதான் நடக்குறவங்க அதிகம், நீங்க பத்து மணிக்கு மேல இறங்குறப்பதான் அவங்க ஏறுவாங்க. ஒவ்வொரு மூடின வளைவுலயும் மணி அடிங்க, பாக்குற தூரத்துல பாதிக்குள்ள நிக்க முடியுற வேகம்தான் சரியான வேகம். ஏறி வர்ற சைக்கிள்காரருக்கு நீங்க நின்னு வழி விடணும், இறங்குறவங்க மறுபடி கிளம்புறது சுலபம்.

வால்டார்ஃப்லயும் பெவிலியன் பாயிண்ட்லயும் கட்டாயம் நின்னு கையை உதறுங்க, டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. ஆணி குத்தி மெதுவா காத்து இறங்குறது ஏறும்போது தெரியாது, இறங்குறப்ப ரிம் கல்லுல மோதி டங்குன்னு சத்தம் வந்தப்புறம்தான் தெரியும்.

12. காருக்கு வந்தப்புறம்

ஷூ, டயர்ல ஒட்டின மண்ணை அங்கயே தட்டிடுங்க, சுரங்கத் தூளை வீட்டுக்கோ குழந்தைங்க உக்கார்ற சீட்டுக்கோ கொண்டு போக வேணாம். கை கழுவிட்டு சாப்பிடுங்க, அதுக்குன்னே கார்ல ஒரு கேன் தண்ணி வச்சுக்கோங்க.

டயர் பிரஷரை டென்வர் போய் மறுபடி ஏத்துங்க, குறைஞ்சிருக்கும், பஞ்சர்னு நினைச்சு பயப்படாதீங்க. பிரேக் பேடைப் பாருங்க, ஒரே நாள்ல நல்லாவே தேஞ்சிருக்கும்.

ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல ஐ-70ல டென்வர் பக்கம் போற வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு மணிக்குள்ள கிளம்பிடுங்க, இல்லன்னா ஜார்ஜ்டவுன்லயே நிதானமா சாப்பிட்டுட்டு ஏழு மணிக்கு மேல எடுங்க. முடிஞ்சா இந்த ரூட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு போடுங்க, பாதைலயும் ஆள் கம்மி, ஜீப்பும் கம்மி.